குடோன் வாடகை வேறு, சரக்குப் பொறுப்பு வேறு

வாசகர் கேள்வி – பதில்

ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்), பேக்கப் (அதன் காப்பி) பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறோம்.

கேள்வி: வணக்கமுங்க. எங்க வெப்சைட்டு ஆறு வருசமா ஓடிட்டிருந்துச்சு. 340 ஸ்டைல் போட்டோ, பையருங்க அனுப்புன என்கொயரி எல்லாம் அதுலதான். போன வாரம் தொறந்தா ஏதோ சூதாட்டப் பக்கம் வருதுங்க. ஹோஸ்டிங் கம்பெனியில கேட்டா, "பேக்கப் உங்க பொறுப்பு, எங்ககிட்ட நேத்தைய காப்பிதான் இருக்குது, அதுலயும் வைரஸ்"ங்கறாங்க. வெப்சைட் செஞ்ச பையன், "ஹோஸ்டிங்காரந்தான் பேக்கப் எடுக்கோணும்"ங்கறான். வருசம் 4,800 ரூபாய் எதுக்குங்க கட்டறது? யாரைப் புடிக்கறதுங்க?
– பனியன் ஏற்றுமதியாளர், அவிநாசி

பதில்: யாரைப் பிடிப்பது என்பதை நாளைக்குப் பார்க்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹோஸ்டிங் கம்பெனியிடம் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, டிக்கெட் (அவர்கள் தளத்தில் பதிவாகும் புகார்) போட்டு எழுத்தில் கேளுங்கள்: "எங்கள் அக்கவுண்டுக்கு உங்களிடம் உள்ள ரீஸ்டோர் பாயிண்ட் அத்தனையின் தேதியும் வேண்டும். அவற்றில் மிகப் பழையதை அழியாமல் நிறுத்தி வையுங்கள்." ஹோஸ்டிங் பேக்கப் பெரும்பாலும் சுழற்சியில் ஓடுவது. ஏழு நாள் சுழற்சி என்றால் எட்டாம் நாள் காப்பி எழுதப்படும்போது முதல் நாள் காப்பி போய்விடும். நீங்கள் சண்டை போடுகிற ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காப்பி கைநழுவிக்கொண்டிருக்கிறது. போன் எடுக்கிற ஆளின் திரையில் நேற்றைய காப்பி மட்டும் தெரியலாம். வாரக் காப்பி, மாதக் காப்பி வேறு இடத்தில் இருக்கலாம். சி-பேனலுக்குள் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) 'ஜெட்பேக்கப்' என்ற பேக்கப் கருவி இருந்தால் நீங்களே திறந்து தேதிகளைப் பார்த்துவிடலாம்.

வைரஸ் ஏறிய காப்பியையும் தூக்கி எறிய வேண்டாம். சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் தாக்குதலில் பெரும்பாலும் கெடுவது சைட்டை இயக்கும் நிரல்களான பிஎச்பி ஃபைல்களும், எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் எச்டிஆக்சஸ் ஃபைலும்தான். உங்கள் 340 ஸ்டைல் போட்டோக்கள் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஃபோல்டரை இறக்கி, உள்ளே பிஎச்பி என்று முடியும் ஃபைல் எது இருந்தாலும் அழியுங்கள். போட்டோ வைக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. டேட்டாபேஸை (சைட்டின் எழுத்தும் பதிவுகளும் இருக்கும் தகவல் கிடங்கு) தனியாக பிஎச்பிமைஅட்மின் என்ற கருவி வழியே எடுத்து, யூசர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத அட்மின் யாராவது முளைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சைட் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது என்றால், வேர்ட்பிரஸ், தீம் (தோற்றம்), பிளக்-இன் (கூடுதல் வசதி) மூன்றையும் பழைய காப்பியிலிருந்து எடுக்காமல், அதனதன் சொந்த இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். கடைசியாக எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்: சி-பேனல், எஃப்டிபி (ஃபைல் ஏற்றும் வழி), டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் நான்கும். மூன்றை மாற்றி ஒன்றை விட்டவர்களுக்குப் பத்து நாளில் அதே சூதாட்டப் பக்கம் திரும்ப வந்துவிடுகிறது.

காப்பியே கிடைக்காமல் போனால், என்கொயரிகள் ஃபார்ம் வழியாக உங்கள் மெயிலுக்கும் வந்திருக்கும், அங்கே தேடுங்கள். பக்கங்களின் எழுத்தும் சில படங்களும் 'வேபேக் மெஷின்' என்ற இணையக் காப்பகத்தில் கிடைக்கலாம். கூகுள் கேஷில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2024-இல் கூகுள் அந்த வசதியை எடுத்துவிட்டது.

இனி பொறுப்புக்கு வருவோம். திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம். டையிங்குக்குக் கொடுத்த துணி கெட்டுப்போனால் டெபிட் நோட் போடுகிறீர்கள். ஹோஸ்டிங்கில் அந்த வழக்கம் செல்லாது. நீங்கள் வாங்கியது ஜாப் ஒர்க் அல்ல, குடோன் வாடகை. சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங் ஒப்பந்தங்களில், பேக்கப் எடுத்தால் அது எங்கள் நல்லெண்ணத்துக்காக, உத்தரவாதம் இல்லை, உங்கள் டேட்டாவின் காப்பியை வைத்துக்கொள்வது உங்கள் வேலை என்ற கருத்து ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். அவர்கள் எடுக்கும் பேக்கப், அவர்களுடைய சர்வர் டிஸ்க் போனால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவதற்கு. உங்கள் ஒருவருடைய சைட் 15 நாள் முன்பு எப்படி இருந்தது என்று எடுத்துக் கொடுப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல அது.

ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து மூன்று சொற்களைத் தேடுங்கள். முதலாவது 'பேக்கப்'. இரண்டாவது 'லிமிடேஷன் ஆஃப் லயபிலிட்டி': நஷ்ட ஈட்டுக்கு மேல்வரம்பு அங்கே இருக்கும், பல இடங்களில் நீங்கள் கட்டிய வாடகைக்கு மேல் போகாது. மூன்றாவது யாரும் தேடாத சொல், 'ஐநோட்'. சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஒரு ஐநோட் கணக்கு. இந்த எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டிய அக்கவுண்டைத் தானியங்கி பேக்கப்பிலிருந்து விட்டுவிடுகிற கம்பெனிகள் உண்டு. ஒரு லட்சம் என்பது அடிக்கடி கண்ணில் படும் வரம்பு. 340 போட்டோ எங்கே, ஒரு லட்சம் எங்கே என்று நினைக்காதீர்கள். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு போட்டோவையும் ஐந்தாறு அளவுகளில் வெட்டி வைக்கிறது. அதைவிடப் பெரியது மெயில்: அதே ஹோஸ்டிங்கில் மெயிலும் இருந்தால் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். ஆறு வருட மெயிலைச் சர்வரிலேயே விட்ட அலுவலகத்துக்கு ஒரு லட்சம் பெரிய எண் அல்ல. "அன்லிமிடெட்" பிளான் வாங்கியவர்கள் பேக்கப் இல்லாமல் நிற்பதற்கு இந்த ஒரு வரியும் காரணமாக இருக்கலாம்.

வெப்சைட் செய்த பையனைப் பற்றி. அவர் தனக்குத் தரப்பட்ட ரீசெல்லர் (வாங்கி மறுபடி வாடகைக்கு விடும்) இடத்தில் உங்களுக்கு ஒரு மூலையைக் கொடுத்திருந்தால், பெரிய கம்பெனிக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தமே கிடையாது. அவர்களுக்கு வாடிக்கையாளர் அவர்தான், உங்களுக்கு ஹோஸ்டிங்காரரும் அவர்தான். பில் யார் பெயரில் வருகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். வருட மெயின்டனன்ஸ் என்று தனியாகப் பணம் வாங்கி, பில்லில் 'பேக்கப்' என்ற சொல்லும் இருந்தால் அவரைக் கேட்கலாம். "ஹோஸ்டிங் + டொமைன்" என்று மட்டும் இருந்தால் அவர்மேல் கோபப்படலாமே தவிர வேறு வழியில்லை. தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் 'நுகர்வோர்' என்று நிற்பதும் கடினம்.

கேள்வி: எங்க டெவலப்பர் தினசரி பேக்கப் ஓடுது, கவலைப்படாதீங்கங்கறார். நான் எப்படிங்க அதைச் சரிபார்க்கறது? எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதுங்க.
– மஞ்சள் மண்டி, ஈரோடு

பதில்: மஞ்சள் வாங்கும்போது மூட்டையில் ஊசி போட்டுச் சாம்பிள் எடுக்கிறீர்கள் அல்லவா, இங்கேயும் அதுதான். டெவலப்பரிடம் மூன்று கேளுங்கள். கடைசிக் காப்பியின் தேதி என்ன, அது எத்தனை எம்பி, அது எங்கே இருக்கிறது.

"எங்கே" என்பதில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார். சாஃப்டாகுலஸ் (சி-பேனலில் உள்ள நிறுவல் கருவி) வழியே எடுக்கும் பேக்கப், வேறு இடம் காட்டாவிட்டால், உங்கள் ஹோஸ்டிங் அக்கவுண்டுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் உட்காரும். அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளக்-இன்னும் அப்படித்தான். கூகுள் டிரைவ் போல ஒரு வெளியிடத்தை இணைக்காவிட்டால் வேர்ட்பிரஸின் உள்ளேயே வைத்துக்கொள்ளும். சர்வர் போனால் சைட்டும் பேக்கப்பும் ஒரே நாளில் போகும். கூடவே ஒரு தொல்லை: உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும் இந்தக் காப்பிகள், சி-பேனலின் முழு பேக்கப்பிலும் சேர்ந்து வந்து அதைப் பெரிதாக்கும். முழு பேக்கப் உங்கள் இடத்துக்குள்ளேயே முதலில் கட்டப்படுகிறது. 10 ஜிபி பிளானில் 7 ஜிபி நிரம்பியிருந்தால் கட்டுவதற்கு இடம் போதாமல் பாதியில் நிற்கக்கூடும்.

தேதியும் அளவும் ஏன் கேட்கிறோம் என்றால், பேக்கப் சத்தமில்லாமல் செத்துப்போகும். இதற்குப் பெயர்போன உதாரணம், மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லாப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி ஓட வேண்டிய டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக இறக்குவது), மென்பொருள் வெர்ஷன் பொருந்தாததால் பல நாளாகவே ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்லும் எச்சரிக்கை மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நொடி நிலையின் நகல்) இருந்ததால் தப்பித்தார்கள். கம்ப்யூட்டரே தொழிலான இடத்தில் நடந்தது இது.

அதனால் மாதம் ஒரு முறை இதைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

கடைசிக் காப்பியை இறக்கித் திறக்கச் சொல்லுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் என்றால் டேட்டாபேஸ், பிளக்-இன், தீம், அப்லோட்ஸ், மற்றவை என்று ஐந்து பகுதி இருக்கும்; அப்லோட்ஸ் பெரிதாக இருந்தால் பல துண்டுகளாக வரும். ஒரு துண்டு விடுபட்டாலும் அது முழுக் காப்பி அல்ல. டேட்டாபேஸ் ஃபைல் போன மாதத்தைவிடச் சிறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். விலைப்பட்டியல் தினமும் ஏறும் சைட்டில் டேட்டாபேஸ் குறையச் சாதாரணமாகக் காரணம் இல்லை. மைஎஸ்கியூஎல் டம்ப் கருவியால் எடுத்ததென்றால் ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று ஆங்கிலத்தில் தேதியோடு எழுதியிருக்கும். அந்த வரி இல்லையென்றால் நேரம் தீர்ந்தோ இடம் தீர்ந்தோ பாதியில் அறுந்த காப்பியாக இருக்கலாம்.

பிறகு அதை ஒரு சப்-டொமைனிலோ (உங்கள் முகவரிக்குள் ஒரு துணை முகவரி), டெவலப்பரின் லேப்டாப்பில் 'எக்ஸாம்ப்' என்ற சர்வர் மென்பொருளை நிறுவியோ நிஜமாகவே எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. காப்பிக்குள் உங்கள் நிஜ முகவரி எழுதியிருக்கும். ஆப்ஷன்ஸ் டேபிளில் 'சைட் யூஆர்எல்', 'ஹோம்' இரண்டையும் மாற்றாமல் திறந்தால், சோதனை முகவரியை அடித்தாலும் உலாவி நிஜ சைட்டுக்குத் தாவிவிடும். "பாருங்க, வந்துருச்சு" என்று இருவரும் ஏமாந்து எழுந்துவிடுவீர்கள். முகவரிப் பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் சப்-டொமைனை அழித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் ஆகாத அந்தக் காப்பி திருடனுக்குப் பின்வாசல்.

காப்பியை எங்கே வைப்பது? ஒன்று கூகுள் டிரைவில்; இலவச அக்கவுண்டில் 15 ஜிபி, அதையும் உங்கள் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். அந்த அக்கவுண்ட் டெவலப்பருடையதாக இல்லாமல் மண்டியுடையதாக இருக்கட்டும். இன்னொன்று ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில். காப்பி எடுத்ததும் வயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். எப்போதும் சொருகியிருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) கம்ப்யூட்டரோடு சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: ஹோஸ்டிங் மாற்றியபோது பேக்கப்பை ஏற்றினோம். இங்கிலீஷ் எல்லாம் சரியாக வந்தது. தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிட்டது. சில பக்கங்களில் கேள்விக்குறிக்குப் பதிலாக ஏதோ பிரெஞ்சு எழுத்து மாதிரி வருகிறது. காப்பி கெட்டுப்போச்சுங்களா?
– கைத்தறிக் கூட்டுறவுச் சங்க ஊழியர், சென்னிமலை

பதில்: நீங்கள் சொல்கிற இரண்டும் இரண்டு வியாதி. ஒன்றுக்கு மருந்து உண்டு.

'பிரெஞ்சு எழுத்து' மாதிரி தெரிவது பிழைத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் (எழுத்தை எண்களாகச் சேமிக்கும் முறை) ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்து என்று எண்ணிப் படித்தால் தலையில் கோடு போட்ட 'ஏ' போன்றவை வரிசையாக வரும். பைட்டுகள் பத்திரமாக உள்ளன, படிக்கிற விதம்தான் தப்பு. பழைய சைட்டுகளில் டேபிளின் எழுத்துமுறை 'லத்தீன்1' என்றே இருக்க, உள்ளே தமிழ் பைட்டுகளைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சைட்டில் தமிழ் சரியாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. டம்ப் எடுக்கும்போது அதை யூடிஎஃப்-8 ஆக மாற்றுகிறேன் என்று மென்பொருள் இரண்டாவது முறை மாற்றிவிடும். பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால், எழுத்துமுறையை 'லத்தீன்1' என்றே குறிப்பிட்டு, எழுத்துமுறை வரியைச் சேர்க்காமல் மறுபடி டம்ப் எடுங்கள். அந்த ஃபைலை நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், டேபிள் வரையறைகளில் 'லத்தீன்1' என்று இருப்பதை 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றி, ஏற்றும்போதும் அதையே குறிப்பிடுங்கள். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலிலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

கேள்விக்குறி வேறு. ஒரு எழுத்துமுறைக்குள் இல்லாத எழுத்தை எழுதச் சொன்னபோது மென்பொருள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு '?' எழுதிவிட்டது. அந்த ஃபைலுக்குள் தமிழ் இல்லவே இல்லை. யார் என்ன கட்டணம் கேட்டாலும் அதிலிருந்து மீட்டுத் தர முடியாது. எடுத்த டம்ப் ஃபைலைத் திறந்து பாருங்கள்: அதிலேயே கேள்விக்குறி என்றால் பழைய சர்வரிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்; அதில் தமிழ் இருந்து சைட்டில்தான் கேள்விக்குறி என்றால் ஏற்றிய விதம் தப்பு, காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றலாம். பழைய ஹோஸ்டிங்கை இது சரியாகும்வரை கேன்சல் செய்யாதீர்கள்.

பொருள் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக எடுத்து எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து, தமிழ் உடைந்திருப்பதைப் பார்த்தபின் 'சேவ்' கொடுத்துவிடுவது இதே வியாதியின் இன்னொரு வாசல். உடைந்து தெரிந்தால் சேவ் செய்யாமல் மூடுங்கள். இன்னொன்று: சங்கத்தின் பழைய பக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை என்றால், டேட்டாபேஸில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்துக் காப்பி எடுக்காவிட்டால் பின்னால் வருகிறவருக்கு அது தமிழ் என்றே தெரியாது.

கேள்வி: நாங்க ரிக் வண்டிங்களோட கணக்கு, டீசல், ஆள் சம்பளம் எல்லாம் சொந்த விபிஎஸ்-ல போட்டிருக்கறோம். அதுல ரெய்டு டிஸ்க் இருக்குது, தினமும் ஸ்னாப்ஷாட்டும் இருக்குதுங்க. இதுக்கு மேல பேக்கப் வேணுங்களா?
– போர்வெல் ரிக் அலுவலகம், திருச்செங்கோடு

பதில்: வேணுமுங்க. விபிஎஸ் என்பது ஒரு சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தந்த பங்கு. ரெய்டு என்பது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது, அதாவது ஒரே போரில் இரண்டு மோட்டார் இறக்குவது. ஒன்று எரிந்தால் இன்னொன்று ஓடும்; போரே இடிந்தால்? ரெய்டு ஒரு டிஸ்க் சாவதிலிருந்து மட்டும் காக்கும். தவறாக ஒரு டேபிளை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துத் தரும். ஸ்னாப்ஷாட் அதற்கு உதவும், ஆனால் அது பல இடங்களில் அதே சேமிப்பகத்தில் கிடக்கிறது. விபிஎஸ்ஸை நீக்கினால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும் கம்பெனிகளும் உண்டு. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஸ்னாப்ஷாட், கரண்ட் போய் அணைந்த கம்ப்யூட்டர் மாதிரி. பெரும்பாலும் எழுந்துவிடும், எழாமலும் போகும்.

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. தனியாகப் பணம் கட்டி பேக்கப் வாங்கியிருந்த சிலருடைய காப்பியும் அந்தத் தீயிலேயே போனது. பேக்கப் தனியே பிரித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்ததால், 2023-இல் லீல் நகர வணிக நீதிமன்றம் ஒரு வாடிக்கையாளருக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னது. கவனியுங்கள்: எழுத்தில் அந்த வாக்கியம் இருந்ததால் கிடைத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்ததில், அரசு ஊழியர்கள் ஆவணம் வைத்திருந்த 858 டிபி (டெராபைட்) சேமிப்பகம் வெளிக்காப்பி இல்லாமல் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது: இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் டம்ப். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஒரு சேமிப்பு முறை) டேபிள்கள் என்றால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தோடு எடுக்கவும். ஆள் வேலை செய்துகொண்டிருந்தாலும் ஒரே நொடியின் நிலை கிடைக்கும், டேபிள் பூட்டாது. அதைச் சுருக்கி, பாஸ்வேர்டால் பூட்டி, வேறு கம்பெனியின் வேறு ஊர் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். விபிஎஸ்ஸிலிருந்து அங்கே எழுத மட்டும் அனுமதி கொடுங்கள், அழிக்க வேண்டாம். விபிஎஸ்ஸுக்குள் புகுந்தவன் காப்பியையும் துடைக்காமல் இருக்க இது ஒரு நல்ல வழி. பூட்டிய பாஸ்வேர்டை அதே விபிஎஸ்ஸில் மட்டும் வைத்திருந்தால் பீரோவுக்குள் பீரோ சாவியை வைத்த கதை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 20 ஜிபி காப்பியை 100 எம்பிபிஎஸ் லைனில் அலுவலகத்துக்கு இறக்க ஏறக்குறைய 27 நிமிடம். அதையே திரும்ப ஏற்ற, அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம். சர்வர் விழுந்த அன்று உங்களுக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது எண்.

கேள்வி: ஐமேப்பில் மெயில் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இதுவே பேக்கப் தானே?
– முட்டை ஏற்றுமதி அலுவலகம், நாமக்கல்

பதில்: இல்லை. ஐமேப் என்பது கண்ணாடி. சர்வரில் அழிந்தால் போனிலும் கம்ப்யூட்டரிலும் அழியும். ஹோஸ்டிங் மாற்றி, காலியான புது மெயில்பாக்ஸுக்கு அதே அக்கவுண்டைத் திருப்பினால் உங்கள் அவுட்லுக்கும் பணிவாகக் காலியாகிவிடும். அவுட்லுக்கில் வருடாவருடம் பிஎஸ்டி ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுங்கள். பில் ஆஃப் லேடிங், ஹெல்த் சர்டிஃபிகேட் போன்ற இணைப்புகளை ஷிப்மென்ட் எண் வாரியாகத் தனி ஃபோல்டரில் சேமிப்பது இதைவிட நல்லது.

கேள்வி: கட்சிக்காரர்களின் பில்லிங் மென்பொருள் இப்போது கிளவுடில் ஓடுகிறது. பேக்கப் இல்லாமல் டேட்டா போனால் சட்டப்படி யார் பதில் சொல்ல வேண்டும்?
– ஆடிட்டர் அலுவலக உதவியாளர், கோவை ஆர்.எஸ்.புரம்

பதில்: கட்சிக்காரர்தான். சிஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி, மின்னணுப் பதிவுகளுக்கு முறையான பேக்கப் வைத்து, விபத்திலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம், அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். ஹோஸ்டிங்காரரின் ஏழு நாள் சுழற்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கட்சிக்காரர் கம்பெனியாக இருந்தால் இன்னும் இறுக்கம். கம்பெனிகள் கணக்கு விதிகள், 2014-இன் 3-ஆவது விதியில் மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும். 'அவ்வப்போது' என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் 'தினசரி' என்று மாற்றிவிட்டார்கள். சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் தினசரிக் காப்பி இங்கே வர வேண்டும். மென்பொருள்காரரிடம் "சர்வர் எந்த ஊர், பேக்கப் எந்த ஊர்" என்று தனித்தனியாக எழுத்தில் பதில் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், போன் எண் விஷயத்தில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. 8-ஆவது பிரிவின்படி, டேட்டாவை வேறொருவர் கையாண்டாலும், உங்களுக்குள் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் அதைத் திரட்டிய நிறுவனம்.

கேள்வி: நான் சின்ன அளவில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். சைட் போனால் எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். கொட்டேஷனில் என்ன எழுதினால் தப்பிக்கலாம்?
– டெவலப்பர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்பிப்பதற்காக எழுதினால் அவிநாசிக்காரர் கடிதம் போல உங்கள்மேலும் ஒரு கடிதம் வரும். செய்வதை எழுதுங்கள். இரண்டு கேள்வியைக் கட்சிக்காரரிடம் முதலில் கேளுங்கள்: எத்தனை நாள் டேட்டா போனால் உங்களுக்குத் தாங்கும்? எத்தனை மணி நேரம் சைட் மூடியிருந்தால் தாங்கும்? மாதம் ஒருமுறை மாறும் கம்பெனி அறிமுக சைட்டுக்கு வாரக் காப்பி போதும். ஆர்டர் விழும் கடைக்கு வாரக் காப்பி என்றால் ஆறு நாள் ஆர்டர் காணாமல் போகும் என்று பெயர்.

கொட்டேஷனில் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: டேட்டாபேஸ் தினமும், ஃபைல்கள் வாரமும், தினக் காப்பி 14, வாரக் காப்பி 8, மாதக் காப்பி 12 நிற்கும், காப்பி இருக்கும் இடம் கட்சிக்காரர் பெயரிலான அக்கவுண்ட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுப்பிக் காட்டி, தேதி போட்டு மெயில் அனுப்புவேன், மீட்டுத் தர இத்தனை வேலை மணி நேரம், ஹோஸ்டிங்கில் இருக்கும் மெயில் இதில் சேராது. இதற்குத் தனித் தொகை போடுங்கள். வேண்டாம் என்றால் "பேக்கப் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற வரியில் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரியைப் படித்ததும் பாதிப் பேர் பணம் கட்டிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

சி-பேனல் முழுக் காப்பியைக் கொடுத்துவிட்டு "எல்லாம் இருக்கு" என்று போகாதீர்கள். அந்த முழுக் காப்பியைச் சாதாரண சி-பேனலில் இருந்து திரும்ப ஏற்ற முடியாது. சர்வர் நிர்வாகிதான் ஏற்ற வேண்டும். டேட்டாபேஸையும் ஹோம் டைரக்டரியையும் தனித்தனியாக எடுத்திருந்தால்தான் கட்சிக்காரரே ஏற்றலாம். எடுத்த காப்பியை எவரும் உலாவியில் திறக்கக்கூடிய 'பப்ளிக் எச்டிஎம்எல்' ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்புகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்த ஃபைலுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது, ஃபைல் பெயரை யூகித்துத் தேடும் ரோபோக்கள் நாள் முழுக்கச் சுற்றுகின்றன.

கேள்வி: ரினியூ பண்ண மறந்துட்டோமுங்க. டாட் காம் டொமைனும் ஹோஸ்டிங்கும் ரெண்டுமே போயி 20 நாளாச்சு. கிடைக்குங்களா?
– தென்னைநார்த் தொழிற்சாலை, பொள்ளாச்சி

பதில்: டொமைன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. டாட் காமுக்குக் காலாவதியான பின் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், அது உங்கள் ரிஜிஸ்ட்ராரை (டொமைனைப் பதிவு செய்து தந்த கம்பெனி) பொறுத்தது. அவர்கள் அழித்தபின் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் அதிகம். பிறகு 5 நாளில் எவரும் வாங்கலாம். டேட்டாவுக்கு இப்படிப் பொது விதி கிடையாது. சஸ்பெண்ட் ஆன அக்கவுண்டை எத்தனை நாளில் துடைப்பது என்பதை ஒவ்வொரு ஹோஸ்டிங் கம்பெனியும் தானே வைத்துக்கொள்கிறது, சில இடங்களில் ஒரு மாதம்கூட இல்லை. அதனால் டொமைனுக்கு முன்னால் ஹோஸ்டிங் பாக்கியைக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் டிக்கெட் போட்டு "டேட்டா இருக்கிறதா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியபின் காலி அக்கவுண்டைத் திறந்து கொடுப்பவர்களும் உண்டு.